கூரை கடைசி வேலை

பசுமைக்குடில் போட நினைத்து ஆலோசனை கேட்பவர்களின் முதல் கேள்வி அநேகமாகக் கூரையைப் பற்றியே இருக்கும். பாலி ஷீட் போடலாமா, பாலிகார்பனேட் நல்லதா, 200 மைக்ரான் தாங்குமா, வலை என்றால் பச்சையா கறுப்பா? ஷெட் போட்டுக்கொடுக்கும் ஃபேப்ரிகேட்டரும் அங்கேதான் ஆரம்பிப்பார். சதுர அடிக் கணக்கு அவருக்கு அதில்தான் வரும். கேள்வியில் தவறில்லை. ஆனால் இந்த வேலையையே செய்துவரும் எனக்கு, அது கடைசியில் வரவேண்டிய கேள்வி என்பதில் சந்தேகமே இல்லை. சென்னையிலோ மதுரையிலோ திருச்சியிலோ மொட்டை மாடியில் நூறு சதுர அடிக் குடில் போடுகிறவர் முதலில் தீர்க்கவேண்டியது, உள்ளே நுழைந்த வெப்பம் எந்த வழியாக, எவ்வளவு சீக்கிரம் வெளியேறும் என்பதை. அதற்கு விடை கிடைத்துவிட்டால் கூரைப் பொருள் பற்றிய விவாதத்தில் பாதி தானே அடங்கிவிடும். விடை தெரியாமல் கூரையை வாங்கி மாட்டிவிட்டால், ஏப்ரல் மாதத்தில் அந்தக் குடில் பழைய தொட்டிகளும் உடைந்த நாற்காலியும் போட்டுவைக்கும் இடமாகிவிடும். அப்படி ஆகிப்போன குடில்கள் நம் ஊர் மாடிகளில் நிறையவே நிற்கின்றன.

இதற்குக் காரணம் நம் கவனக்குறைவு மட்டுமல்ல, குடிலின் பிறப்பிடமும்தான். ஐரோப்பாவில் கண்ணாடி வீடு கட்டியது சூட்டைச் சேமிக்க. லண்டன் கியூ தோட்டத்தில் 1848இல் கட்டி முடித்த பாம் ஹவுஸில், நம்முடையதைப் போன்ற வெப்பநாடுகளின் பனை வகைகளை உயிரோடு வைத்திருக்கத் தரைக்கடியில் கொதிகலன் எரிக்க வேண்டியிருந்தது. கண்ணாடி வெப்பக் கதிரை வெளியே விடாமல் பிடித்துவைப்பதால் உள்ளே சூடேறுகிறது என்று பள்ளியில் படித்திருப்போம். அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் வுட் 1909இல் இதைச் சோதித்துப் பார்த்தார். ஒரு பெட்டிக்குக் கண்ணாடி மூடி. இன்னொரு பெட்டிக்கு, வெப்பக் கதிரைத் தாராளமாக வெளியே விடும் இந்துப்புப் படிகத் தகடு. வெயிலில் வைத்தபோது இரண்டுமே 55 டிகிரி செல்சியஸை ஒட்டி, ஏறக்குறைய ஒரே அளவுக்குச் சூடேறின. ஆகவே சிறு குடில் சூடாவதற்கு முதன்மைக் காரணம், சூடான காற்று மேலே எழுந்து போக வழியில்லாமல் அடைபடுவதுதான். இதன் கொடுமையை நீலகிரி அதற்கு முன்பே பார்த்திருக்கிறது. 1860இல் கிளெமென்ட்ஸ் மார்க்கம் பெரு நாட்டிலிருந்து சிங்கோனா நாற்றுகளைக் கண்ணாடிப் பெட்டிகளில் அடைத்துக் கப்பலேற்றினார். செங்கடல் வழியின் வெப்பத்தில் நலிந்து உதகமண்டலம் வந்து சேர்ந்த அந்த நாற்றுகள் பிழைக்கவில்லை. மூடிய கண்ணாடிப் பெட்டி வெயிலில் என்ன செய்யும் என்பதற்கு இதைவிடப் பழைய சாட்சி நமக்குத் தேவையில்லை.

நம் மாடிக்கு வருவோம். தெளிந்த நாளில் நண்பகல் வெயில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 1,000 வாட் ஆற்றலைக் கொட்டுகிறது. நூறு சதுர அடி என்பது சற்றேறக்குறைய ஒன்பது சதுர மீட்டர். அந்த இடத்தில் ஒன்பது இஸ்திரிப் பெட்டிகளைத் தொடர்ந்து எரியவிட்டால் எவ்வளவு சூடோ அவ்வளவு. இதில் ஒரு பகுதியைச் செடியே வெளியேற்றிவிடும். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது சுமார் 0.68 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. இலை அடர்ந்து நிற்கும் ஒரு சதுர மீட்டர் பயிர் நாளொன்றுக்கு ஐந்து லிட்டர் நீரை ஆவியாக்கினால் மூன்று யூனிட்டுக்கு மேல் வெப்பம் போய்விடும். ஒரு நாள் முழுதும் அங்கே விழும் வெயிலே ஐந்தாறு யூனிட்தான். செடியைவிட நல்ல கூலர் இல்லை என்று நான் சொல்வது இந்தக் கணக்கை வைத்துத்தான். ஆனால் அந்த ஆவியும் வெளியே போயாக வேண்டும். அடைபட்ட குடிலில் ஈரம் நிரம்பியதும் இலை நீர் விடுவது குறையும், கூலர் நின்றுபோகும், சாம்பல் நோயும் அடிச்சாம்பலும் வந்து உட்காரும். தவிர, நடவு செய்து முதல் மாதம் இலை எங்கே இருக்கிறது? தரையில் பாதி நடைபாதை, சுட்டெரிக்கும் சிமென்ட்.

பாதி வெயிலை வலை தடுத்துவிட்டது, மீதியில் பாதியைச் செடி ஆவியாக்கிவிட்டது என்று நமக்குச் சாதகமாகவே வைத்துக்கொள்வோம். அப்போதும் இரண்டேகால் கிலோவாட் சூடு காற்றில் ஏறும். வெளியைவிட உள்ளே மூன்று டிகிரிக்கு மேல் கூடக்கூடாது என்றால், ஒன்பது அடி உயரக் குடிலின் மொத்தக் காற்றும் நாற்பது விநாடிக்கு ஒருமுறை மாறவேண்டும். மூடிய குடிலில் இது நடப்பதில்லை. அதனால்தான் அங்கே பத்துப் பதினைந்து டிகிரி கூடுவது சாதாரணம். பகல் 35 டிகிரியைத் தாண்டி, இரவும் 25 டிகிரிக்குக் கீழே இறங்காவிட்டால் தக்காளிப் பூவின் மகரந்தம் வீரியம் இழக்கும், பூ உதிரும், காய் பிடிக்காது. வெளியிலேயே 38 டிகிரி இருக்கும் ஊரில் குடிலை மூடி 50 டிகிரி ஆக்கிவிட்டு, பூ ஏன் உதிர்கிறது என்று கேட்டு டானிக் தெளிப்பதில் பொருளில்லை.

இங்கே உடனே வரும் மறுப்பு, எக்ஸாஸ்ட் ஃபேன் வைத்துவிடலாமே என்பது. மேலே சொன்ன கணக்குக்கு மணிக்கு 2,400 கன மீட்டர் காற்று வேண்டும். சமையலறை ஃபேன் ஒன்று அந்த வேலையைச் செய்யாது. பெரிய ஃபேன் மார்ச் முதல் ஜூன் வரை பகல் முழுக்க ஓடவேண்டும். நண்பகலில் மின்சாரம் போய்விட்டால் அரை மணியில் செடி துவண்டுவிடும். இதற்கு எதிரே திறந்த பக்கத்தைப் பாருங்கள். பத்தடி நீளம், ஆறரை அடி உயரத்துக்கு ஒரு பக்கம் திறந்திருந்தால் ஆறு சதுர மீட்டர். விநாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில், அதாவது வேப்பிலை லேசாக அசையும் வேகத்தில் காற்று வந்து, அதில் கால்வாசிதான் உருப்படியாக உள்ளே புகுந்து எதிர்ப்பக்கம் வெளியேறுகிறது என்றாலும் மணிக்கு 5,000 கன மீட்டரைத் தாண்டும். செலவு ஒன்றுமில்லை.

ஈரத்திண்டு வைத்த கூலர் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது சில ஊர்களில் உண்மையிலேயே வேலை செய்யும். ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் அளவுக்குக் கீழே எந்தக் கூலரும் காற்றைக் குளிர்விக்க முடியாது. 38 டிகிரியும் 25 சதவீத ஈரப்பதமும் உள்ள உள்நாட்டுப் பிற்பகலில் அந்த அளவு 23 டிகிரியை ஒட்டி இருக்கும். கூலருக்கு நல்ல இடம். 35 டிகிரியும் 60 சதவீத ஈரப்பதமும் உள்ள கடற்கரைப் பிற்பகலில் அது 28 டிகிரி. ஏற்கெனவே வியர்வை காயாத ஊரில் இன்னும் ஈரத்தை ஏற்றி நான்கைந்து டிகிரி குறைப்பதற்கு மோட்டாரும் தண்ணீரும் செலவழிப்பது எனக்கு உடன்பாடில்லை. ஃபாகர், மிஸ்ட் எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான்.

சரி, திறந்து வைப்பது என்றால் எந்தப் பக்கம், எவ்வளவு? குளிர்நாட்டுத் தோட்டக் கையேடுகள் கூரைத் திறப்பு தரைப்பரப்பில் ஐந்தில் ஒரு பங்கு இருக்கட்டும் என்கின்றன. நம் சமவெளிக்கு அது போதாது. எதிரெதிர் நீளப்பக்கங்கள் இரண்டும் முழுதாகத் திறந்து, முகட்டில் நீளவாக்கில் ஓரடி இடைவெளி விடவேண்டும் என்பது என் அளவு. பக்கவாட்டுக் காற்று ஓய்ந்த நேரத்தில், சூடான காற்று தானாக எழுந்து போக அந்த முகட்டு இடைவெளிதான் வழி. உள்ளே போகும் திறப்புக்கும் வெளியேறும் திறப்புக்கும் உயர வித்தியாசம் கூடக்கூட இழுப்பும் கூடும்; அதனால் நடுவுயரம் பத்தடிக்குக் குறையக்கூடாது. அகலம் பத்து, பன்னிரண்டு அடிக்கு மேல் போனால் நடுவிலிருக்கும் செடிக்குக் காற்று போய்ச்சேராது. நீளப்பக்கம் காற்றை எதிர்கொண்டு நிற்கவேண்டும். சென்னையில் பிற்பகல் காற்று கடலிலிருந்து கிழக்கு, தென்கிழக்காக வரும். கோவையில் ஜூனிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியே மேற்கிலிருந்து வரும். கையேட்டில் தெற்குப் பார்த்து வை என்று எழுதியிருந்தால் அதைப் பொருட்படுத்த வேண்டாம். சென்னைக்கு ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் நடுவிலும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில். இடைப்பட்ட மாதங்களில் அது உச்சிக்கு வடக்கே நிற்கிறது. தெற்குப் பார்த்து வைப்பதில் நமக்கு லாபம் எதுவுமில்லை. வரைபடத்தில் யாரும் கவனிக்காத ஒன்று கைப்பிடிச் சுவர். மூன்றடிச் சுவர் தரையோடு வரும் காற்றை முழுதாக மறித்துவிடும். குரோ பேக்கைத் தரையில் வைக்காமல் இரண்டடி ஸ்டாண்டில் ஏற்றினால் இலை காற்றின் பாதைக்கு வந்துவிடும். தளத்தில் தண்ணீர் தேங்கி ஓதம் இறங்குவதும் கண்ணில் படும். மாடிப்படி அறை இருந்தால் அதற்குக் கிழக்கே குடிலைப் போடுங்கள். மூன்று மணி வெயிலை அந்தச் சுவரே தடுத்துவிடும்.

இதெல்லாம் பந்தல்தானே, பசுமைக்குடில் எப்படி ஆகும் என்று கேட்பவர்கள் உண்டு. பந்தல்தான். அதில் எனக்கு வெட்கமில்லை. சோழவந்தானிலும் கும்பகோணத்துப் பக்கமும் வெற்றிலை விளையும் கொடிக்காலைப் பாருங்கள். அகத்தியை முதலில் விதைத்து, அது ஆள் உயரம் போனபின் அதன் காலடியில் கொடியை நடுகிறார்கள். அகத்தியே கொழுகொம்பு, அகத்தியே நிழல். கோடையில் தழைக்க விடுகிறார்கள், மேகம் சூழ்ந்த மாதங்களில் கழித்து வெளிச்சம் விடுகிறார்கள். வரிசைகளுக்கு நடுவே வாய்க்காலில் ஈரம். நிழலைக் கூட்டலாம், குறைக்கலாம், ஆவி குளிர்விக்கும், பக்கம் அடைபடாது. வெற்றிலை நிழல் விரும்பும் கொடி, தக்காளிக்கும் மிளகாய்க்கும் அவ்வளவு நிழல் ஆகாது என்பது உண்மை. நான் கடன் வாங்கச் சொல்வது நிழலின் அளவை அல்ல, நிழலை மாற்றிக்கொள்ளும் வசதியை. நம் மாடிகளில் 75 சதவீதப் பச்சை வலையை வருடம் முழுக்க இறுக்கிக் கட்டிவிடுகிறார்கள். அதன் கீழே செடி வெளிச்சம் தேடி நெட்டையாக ஓடும், காய்க்காது. அந்த வலை ஆந்தூரியத்துக்கும் ஆர்க்கிட்டுக்கும் உரியது. காய்கறிக்கு 35, மிஞ்சினால் 50 சதவீதம். அதுவும் கயிற்றில் ஓடும்படி கோத்திருக்க வேண்டும்; மார்ச்சில் இழுத்துவிட்டு, கார்த்திகை மார்கழி மந்தாரத்தில் ஒதுக்கிவைக்க வேண்டும். வலை எப்போதும் கூரைத்தாளுக்கு வெளியே, ஓரடி மேலே. உள்ளே கட்டிய வலை வெயிலைத் தடுத்துத் தானே சூடாகி, அந்தச் சூட்டைக் குடிலுக்குள்ளேயே விட்டுவிடும்.

ஓசூர், தளிப் பக்கம் ஏக்கர் கணக்கில் பாலிஹவுஸ் நிற்கிறதே, ரோஜாவும் ஜெர்பெராவும் ஏற்றுமதி ஆகிறதே என்பது கனமான மறுப்பு. அங்கே போய்ப் பார்த்தால் என் வாதத்துக்குத்தான் சாட்சி கிடைக்கும். ஓசூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்குள்ள குடில்கள் இருபதடி உயரம். முகட்டில் நிரந்தரத் திறப்பு. பக்கத்திரையைச் சுருட்டி ஏற்ற வின்ச். செடியின் தலைக்கு மேலே பத்துப் பன்னிரண்டு அடி காற்று இருப்பதால் சூடு மெதுவாக ஏறுகிறது, ஏறியது முகட்டு வழியே போகிறது. அதே தாளை வாங்கி எட்டடி உயரத்தில் நான்கு பக்கமும் சுற்றினால் பெயர் மட்டும்தான் பாலிஹவுஸ். ஊட்டியின் கதை வேறு. ஜனவரியில் உறைபனி விழும் அந்த ஊரில் மூடிய குடில் நியாயமானது. அங்கும் தெளிந்த நாளில் காலை பத்து மணிக்குப் பக்கத்தைத் திறக்காவிட்டால் கார்னேஷன் வெந்துபோகும். இரட்டைச் சுவர்ப் பாலிகார்பனேட் ஷீட்டை விற்பவர்கள், வெப்பம் கடத்தாது என்பதைப் பெருமையாகச் சொல்வார்கள். குளிர்நாட்டு இரவில் அது பெருமை. நமக்கு அந்தக் குணத்தால் ஒரு பயனும் இல்லை, விலைதான் கூடுதல்.

மழைக்கு என்ன பதில் என்று கேட்டால், இங்கே மட்டும் நான் கூரையின் பக்கம் சாய்கிறேன். வலை மழையைத் தடுக்காது. ஐப்பசி மழையில் குரோ பேக்கின் உரமெல்லாம் கரைந்து போகும், வேர் அழுகும், இலைப்புள்ளி பரவும். அதனால் ஒளி ஊடுருவும் தாள் ஒரு கூரையாக வேண்டும், சுவராக வேண்டாம். இரண்டு சரிவையும் ஒரே உயரத்தில் சேர்க்காமல் ஒன்றை ஓரடி உயர்த்தி, மற்றதன் மேல் நீட்டிவிட்டால் காற்று போகும், மழை வராது. சரிவு செங்குத்தாகவே இருக்கட்டும். தாள் தொய்ந்து ஒரு சதுர மீட்டரில் நான்கு விரல்கடைக்குத் தண்ணீர் தேங்கினாலே எழுபது எண்பது கிலோ, பைப் வளைந்துவிடும். ஒரு நாள் 100 மில்லிமீட்டர் பெய்தால் நூறு சதுர அடிக் கூரையிலிருந்து 900 லிட்டருக்கு மேல் கிடைக்கும். உப்பு நீர்ப் போர்வெல் வைத்துக்கொண்டு நார்க்கழிவில் செடி வளர்ப்பவருக்கு அந்தத் தண்ணீரின் அருமை தெரியும்.

பூச்சி விஷயத்தில் நான் சொல்வதைப் பலர் ஏற்பதில்லை. வெள்ளை ஈயைத் தடுக்க 40, 50 மெஷ் வலையால் முழுக்க மூடவேண்டும் என்பது அவர்கள் கட்சி. வெள்ளை ஈதான் தக்காளி இலைச்சுருள் நச்சுயிரியைக் கொண்டுவருகிறது என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் அவ்வளவு நெருக்கமான வலை காற்றையும் கணிசமாகத் தடுக்கிறது. தூசி படிந்தால் இன்னும் மோசம். தேனீயும் உள்ளே வராது. பிறகு பாகலுக்கும் பீர்க்கனுக்கும் தினமும் கையால் மகரந்தம் தொட்டுவைக்க வேண்டும், தக்காளிக் கொத்தைத் தட்டிவிட வேண்டும். நச்சுயிரி இளஞ்செடியில் ஏறினால்தான் விளைச்சல் முழுதாகப் போகிறது. காய் பிடித்தபின் ஏறினால் சேதம் குறைவு. எனவே நெருக்கமான வலையை நாற்றுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். நாலடிக்கு மூன்றடியில் ஒரு வலைப்பெட்டி. அதில் குழித்தட்டு நாற்றை ஒரு மாதம் வளர்த்து எடுத்தால் போதும். குடிலைத் திறந்தே வைக்கலாம், மஞ்சள் ஒட்டும் அட்டையும் வேப்பெண்ணெயும் கூடவே இருக்கட்டும்.

கடைசியாகக் காற்றும் பாரமும். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். புயலில் குடில் பறப்பதைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது. மணிக்கு 100 கிலோமீட்டர் காற்று சதுர மீட்டருக்கு 47 கிலோ அழுத்தம் கொடுக்கும். இந்தியத் தரநிலை சென்னைக்கு வைத்திருக்கும் அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 50 மீட்டர், மணிக்கு 180 கிலோமீட்டர். அதற்கு 150 கிலோவுக்கு மேல். நூறு சதுர அடித் தாளை அது ஒன்றேகால், ஒன்றரை டன் விசையோடு பிடுங்கும். 2016 டிசம்பர் 12 வர்தா புயலைப் பார்த்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. தளத்தைத் துளைத்து போல்ட் அடித்தால் தட்டோட்டுக்குக் கீழே நீர் இறங்கும். செங்கல் கைப்பிடிச் சுவரில் கட்டினால் சுவரோடு போகும். தூண் தலைகளுக்கு மேலே கான்கிரீட் கட்டைகளை நிறுத்தி அதில் பைப்பை ஊன்றுவதும், புயல் எச்சரிக்கை வந்ததும் பத்து நிமிடத்தில் கழற்றும்படி தாளைச் சேனலில் ஸ்பிரிங் போட்டு மாட்டுவதும் என் வழி. தாள் போய்விட்டால் சட்டத்தைக் காற்று ஊடுருவிக்கொண்டு போகும். பாரத்துக்கும் ஒரு கணக்கு உண்டு: ஆள் நடமாடும் மொட்டை மாடிக்குச் சதுர மீட்டருக்கு 150 கிலோ கூடுதல் சுமை என்றுதான் வழக்கமாக வடிவமைக்கிறார்கள். ஓரடி ஆழ ஈரமண் பாத்தி 500 கிலோ. மண்ணைக் குறைத்து நார்க்கழிவும் மட்கிய எருவும் கலப்பதற்கு முதல் காரணம் இதுதான்; விளைச்சல் இரண்டாவது. பழைய கட்டடமாக இருந்தால் ஒரு கட்டுமானப் பொறியாளர் பார்க்காமல் எதையும் ஏற்ற வேண்டாம்.

ஏற்கெனவே நாலாபுறமும் மூடிக் கட்டிவிட்டவர்கள் கலைக்க வேண்டியதில்லை. நீளப்பக்கத் தாள் இரண்டையும் சுருட்டி மேலே கட்டுங்கள். முகட்டில் ஓரடி அகலத்துக்குத் தாளை வெட்டி எடுத்து, அந்த இடத்துக்கு ஒரு சாண் மேலே தனியாக ஒரு தொப்பி போடுங்கள். உள்ளே கட்டிய வலையைக் கழற்றி வெளியே ஏற்றுங்கள். சாதாரண வெப்பமானி இரண்டு வாங்கி, ஒன்றைக் குடிலுக்குள் செடி மட்டத்திலும் மற்றதை வெளியே நிழலிலும் தொங்கவிட்டு, பிற்பகல் இரண்டு மணிக்கு ஒரு வாரம் குறித்துவாருங்கள். வித்தியாசம் மூன்று டிகிரிக்குள் வந்துவிட்டால் நாற்று வாங்கப் போகலாம்.